வண்ணம் என்ன ரெசிஸ்டர் கோடா?

– இறுதியாண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை, சோரியாங்குப்பம்



முதலாமாண்டு லேபில் நம் கையில் முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட சாமான் எது? ரெசிஸ்டர்தானே! அரிசியை விடக் கொஞ்சம் பெரிசு. அதன் மேல் நான்கு வளையங்கள். பழுப்பு, கறுப்பு, சிவப்பு, கடைசியில் தங்க நிறம் என்றால் 1000 ஓம். கூடக் குறைய 5 சதவீதம் போகலாம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். எலக்ட்ரிக்கல் நண்பர்களைக் கேளுங்கள். மூன்று பேஸுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. மாற்றிப் பூட்டினால் மோட்டாரும் போகும், சில சமயம் ஆளும் போவான்! ஆக, டிப்ளமோ படிக்கிற நமக்கு நிறம் என்பது ஒரு கோடு. ஒரு நிறத்துக்கு ஒரு மதிப்பு. சந்தேகத்துக்கே இடமில்லை.

இந்தப் பழக்கத்தோடுதான் நம்மில் பலர் வீடியோ எடுக்கவும் இறங்குகிறோம். கல்லூரி விழா, குறும்படம், அக்கா கல்யாணம், தம்பி பிறந்தநாள் என்று ஆளுக்கொரு போனைத் தூக்கிக்கொண்டு கிளம்பாதவர் இன்று யார்? லீவு நாளில் ஸ்டுடியோக்காரரோடு போய் நாலு காசு பார்க்கிற நண்பர்களும் நம் வகுப்பில் இருக்கிறார்கள். எடிட்டிங்கில் உட்கார்ந்ததும் ஒரு சார்ட்டைத் தேடுகிறோம். 'சிவப்பு என்றால் கோபம், நீலம் என்றால் சோகம், மஞ்சள் என்றால் சந்தோஷம், பச்சை என்றால் அமைதி.' "மச்சான், இது சோக சீன்டா, நீலத்தை ஏத்து!" அவ்வளவுதான், வேலை முடிந்தது!

முடிந்ததா? இல்லை என்பதே என் கருத்து. பார்ப்பவரின் மனத்தை வண்ணம் அசைக்கும் என்பது உண்மை. ஆனால் அது ரெசிஸ்டர் கோடு போல அசைப்பதில்லை. அப்படி நினைத்துக்கொண்டு வேலை செய்தால் நம் வீடியோ கெட்டுப்போகும். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்றும் உண்டு. நம் ஊரின் நிறமும் நம் ஜனங்களின் முகமும் திரையிலிருந்து மெல்ல மெல்லக் காணாமல் போகும். எப்படி என்று பார்ப்போமா?

ஒரே சிவப்பு, எத்தனை அர்த்தம்!

சிவப்பையே எடுத்துக்கொள்வோம். நெற்றியில் இருந்தால் குங்குமம், மங்கலம். தரையில் கிடந்தால் ரத்தம். ரயில்வே கேட்டில் எரிந்தால் 'நில்' என்று அர்த்தம். கொடியில் பறந்தால் தொழிலாளி. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் உரிமை கேட்ட பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுக்காரர்களின் துப்பாக்கி சுட்டதில் 12 பேர் உயிர் நீத்தார்கள். அந்த வரலாற்றைக் கேட்டு வளர்ந்த குடும்பத்துப் பிள்ளைக்குச் செங்கொடியின் சிவப்பு வெறும் 'கோபம்' ஆகுமா? அதில் துக்கமும் இருக்கும், பெருமையும் இருக்கும்.

இன்னொரு வேடிக்கை பாருங்கள். நம் வீட்டில் பெண் பார்க்கப் போய் வந்தவர்கள், "பொண்ணு நல்லா சிவப்பா இருக்கா" என்பார்கள். அங்கே சிவப்பு என்றால் சிவப்பே இல்லை, வெளுத்த தோல்! ஒரு சொல்லே இப்படிக் குட்டிக்கரணம் போடும்போது ஒரு நிறம் மட்டும் ஒரே அர்த்தத்தில் நிற்குமா?

வெள்ளையும் அப்படித்தான். தேவாலயத்தில் மணப்பெண் உடுத்துவது வெள்ளை. அடுத்த தெருவில் கணவனை இழந்த பாட்டிக்கு ஊர் கட்டாயமாக உடுத்திவிட்டதும் வெள்ளை. சீனாவில் கல்யாணப் பெண்ணுக்குச் சிவப்பு. துக்க வீட்டுக்கு வெள்ளை. கறுப்போ, ஒருவருக்கு அபசகுனம்; பெரியாரின் தொண்டருக்கு அதுவே சுயமரியாதைச் சட்டை.

ஆகவே நிறத்தின் அர்த்தம் நிறத்துக்குள் மட்டும் இல்லை. பார்ப்பவரின் வீட்டில், தெருவில், வரலாற்றில் இருக்கிறது. அமெரிக்காவில் யாரோ போட்ட சார்ட்டைப் பாகூர் கொம்யூனில் அப்படியே ஒட்ட முடியாது.

கலரே இல்லாமல் அழ வைத்தவர்கள்

'உணர்ச்சிக்குக் கலர்தான் முக்கியம்' என்று அடித்துச் சொல்லும் நண்பர்களுக்கு ஒரு கேள்வி. 'பாசமலர்' 1961இல் வந்தது. முழுக்கக் கறுப்பு வெள்ளை. அதைப் பார்த்து அழாத வீடு தமிழ்நாட்டிலோ புதுச்சேரியிலோ உண்டா? அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1956இல், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 'அலிபாபாவும் நாற்பது திருடர்களும்' படத்தைக் கேவாகலரில் எடுத்துவிட்டது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் என்று அதைத்தான் சொல்கிறோம். அது கொடுத்தது திகட்டாத வேடிக்கை. அழுகையைக் கறுப்பு வெள்ளை கவனித்துக்கொண்டது!

நம் பெரியவர்களுக்கு வீட்டில் வண்ணம் வந்தது இன்னும் பிந்தித்தான். 1982 ஆகஸ்ட் 15 சுதந்திர தின நிகழ்ச்சியும், அந்த ஆண்டு நவம்பரில் தொடங்கிய டில்லி ஆசிய விளையாட்டும்தான் தூர்தர்ஷனைக் கலருக்கு மாற்றின. அதற்கு முன் கறுப்பு வெள்ளைப் பெட்டியின் முன் உட்கார்ந்து சிரித்தவர்களும் அழுதவர்களும் எந்தக் குறையும் உணரவில்லை.

அப்படியானால் வண்ணம் வீணா? இல்லவே இல்லை. முகம், வெளிச்சம், நிழல், கதை இவற்றின் மேல் ஏறி உட்காருகிற ஒன்று அது. அடித்தளம் இல்லாமல் பெயிண்ட் அடித்தால் சுவர் நிற்குமா? சிவில் நண்பர்கள் சொல்லட்டும்!

பக்கத்தில் யார்? முன்னால் என்ன?

சரி, வண்ணம் எப்படித்தான் வேலை செய்கிறது? நான் புரிந்துகொண்ட வரையில் இரண்டே விதிகள்தான். பக்கத்தில் எந்த நிறம் இருக்கிறது, முந்தைய ஷாட்டில் எந்த நிறம் இருந்தது.

ரஷ்யாவில் குலஷோவ் என்ற இயக்குநர் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சோதனை செய்தார். உணர்ச்சி எதுவும் காட்டாத ஒரு நடிகரின் முகத்தை எடுத்துக்கொண்டார். அதே முகத்தை ஒரு தட்டு சூப்போடும், ஒரு சவப்பெட்டியோடும், ஒரு பெண்ணோடும் ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்களுக்கு ஒரு தடவை பசி தெரிந்தது, ஒரு தடவை துக்கம் தெரிந்தது, ஒரு தடவை ஆசை தெரிந்தது. முகம் ஒன்றுதான், மாறியது பக்கத்து ஷாட்! முகத்துக்குச் சொன்ன இந்த நியாயம் நிறத்துக்கும் பொருந்தும்.

ஸ்பீல்பெர்க்கின் 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' (1993) ஏறத்தாழ முழுவதும் கறுப்பு வெள்ளை. நடுவில் ஒரு சின்னப் பெண்ணின் கோட்டுக்கு மட்டும் சிவப்பு. அந்தச் சிவப்பு நம் நெஞ்சைப் பிடித்து உலுக்குகிறதே, ஏன்? அது சிவப்பு என்பதாலா? இல்லை. சுற்றிலும் வேறு நிறமே இல்லாததால். பின்னால் அதே கோட்டைப் பிணங்களுக்கு நடுவில் பார்க்கும்போது, முன்பு பார்த்த ஞாபகம் வந்து அடிக்கிறது. அதே கோட்டை ஒரு தீபாவளிக் கூட்டத்தில் நிறுத்தினால் யார் கவனிப்பார்?

இதற்கு உடற்கூறிலும் காரணம் உண்டு. நம் கண்ணும் மூளையும் ஒரே சாயலுக்குச் சில நிமிடங்களில் பழகிவிடும். பச்சைக் கூலிங்கிளாஸ் போட்ட கொஞ்ச நேரத்தில் உலகம் சாதாரணமாகத் தெரிவதில்லையா? அதேதான். பத்து நிமிடக் குறும்படம் முழுக்க நீலத்தை ஊற்றினால், மூன்றாவது நிமிடத்தில் பார்ப்பவருக்கு நீலம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். சோகம் வராது, தூக்கம்தான் வரும்! வண்ணத்தின் பலம் அளவில் இல்லை, மாற்றத்தில் இருக்கிறது. மின்மாற்றியில் மின்னோட்டம் மாறிக்கொண்டே இருந்தால்தானே அடுத்த சுருளில் வோல்டேஜ் வரும்? நேர் மின்னோட்டத்தைக் கொடுத்தால் சும்மா சூடாகும். வண்ணமும் அப்படித்தான்.

நம் தமிழிலேயே சிறந்த உதாரணம் பா. இரஞ்சித்தின் 'காலா' (2018). படம் முழுக்கக் காலாவின் உடை கறுப்பு; தாராவியின் சந்துகளில் அழுக்கும் வண்ணமும் கலந்த வாழ்க்கை. எதிரியின் உடை வெள்ளை, வீடு வெள்ளை, பேச்செல்லாம் சுத்தம் பற்றி. நாம் பழகிய சார்ட்டில் வெள்ளை நல்லவன், கறுப்பு கெட்டவன். இங்கே தலைகீழ்! கடைசிக் காட்சியில் கறுப்புப் பொடி பறக்கிறது, பிறகு சிவப்பு, பிறகு நீலம். அந்த நீலத்தைப் பார்த்து யாருக்காவது சோகம் வந்ததா? அம்பேத்கரை அறிந்தவர்களுக்கு அது விடுதலையின் நிறம். இரஞ்சித்தின் படக் கம்பெனிக்கே 'நீலம்' என்றுதான் பெயர். சார்ட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, இரண்டரை மணி நேரத்தில் தன் சொந்த அகராதியைக் கட்டிக் காட்டியிருக்கிறார். நல்ல படைப்பாளி செய்ய வேண்டியது அதுதான்.

காமிரா ஒன்றும் கண் அல்ல

இனி நம் பாடத்துக்கு வருவோம். மெழுகுவர்த்தி வெளிச்சத்தின் வண்ண வெப்பநிலை ஏறக்குறைய 1900 கெல்வின். ஸ்டுடியோ டங்ஸ்டன் விளக்கு 3200. நடுப்பகல் வெயில் 5600 அளவில். மேகம் மூடினால் அதற்கும் மேலே, நீலத்தை நோக்கி. எண் கூடக் கூட வெளிச்சம் 'குளிர்ச்சி' ஆகிறது. எல்லாவற்றிலும் வெள்ளைத் தாளை வெள்ளையாகவே காட்டும் சாமர்த்தியம் நம் மூளைக்கு உண்டு. காமிராவுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் ஒயிட் பேலன்ஸ்.

இதை 'ஆட்டோ'வில் விட்டால் என்ன ஆகும்? எங்கள் பக்கத்தில் தை மாதம் 5ஆம் நாள் தென்பெண்ணையில் ஆற்றுத் திருவிழா. சாமிகள் ஆற்றுக்கு வரும். மணலில் கடை போட்டிருப்பார்கள். பலூன், கரும்பு, வளையல், பொரி என்று ஒரே கூட்டம். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் சாய்ந்த வெயில் மணலில் பட்டு எல்லார் முகத்திலும் மஞ்சள் பூசினாற்போல இருக்கும். அந்த வெளிச்சம்தான் திருவிழா. ஆட்டோவில் இருக்கிற காமிராவோ 'ஐயோ, மஞ்சள் ஜாஸ்தி ஆயிடுச்சே' என்று பயந்து நீலத்தைச் சேர்த்து சமன் செய்துவிடும். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் எல்லாம் இருக்கும்; சாயங்காலம் மட்டும் இருக்காது! காமிராவைப் பகல் வெளிச்சத்தில், 5600இல் பூட்டிவிட்டு எடுத்தால் அந்த மஞ்சள் தப்பிக்கும். எந்தச் சார்ட்டும் சொல்லாத சமாச்சாரம் இது. இருந்த வெளிச்சத்தைக் காப்பாற்றினாலே பாதி உணர்ச்சி வந்துவிடும்.

இன்னொன்று. வண்ணத் தொலைக்காட்சி பாடத்தில் படித்தோமே, ஒளிச்செறிவு சிக்னலில் சிவப்பு 30 சதவீதம், பச்சை 59, நீலம் 11 என்று? பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறந்துவிட்ட அந்தக் கணக்கின் அர்த்தம், நம் கண் பச்சைக்குத்தான் அதிகம் மயங்கும் என்பது. பாகூர் பக்கம் நடவு முடிந்த வயலில் ஒருவரை நிறுத்திப் படம் எடுத்துப் பாருங்கள். பின்னணியில் பச்சை மட்டும் இல்லை, வயலில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் பச்சையாக வந்து முகத்தில் விழும். ஆள் நோயாளி போலத் தெரிவார். அவருக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையைப் பிடித்தால் போதும், முகத்துக்கு உயிர் வந்துவிடும். நூறு ரூபாய்கூட ஆகாத வைத்தியம்!

யாரோ மாட்டிவிட்ட மஞ்சள் கண்ணாடி

கம்ப்யூட்டரில் படம் முழுவதையும் நிறம் மாற்றும் வித்தை 2000 வாக்கில்தான் பெரிய அளவில் வந்தது. 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?' என்ற படத்தை மிசிசிப்பியில் எடுத்தார்கள். சுற்றிலும் பசேலென்று கோடைக்காலப் பச்சை. கதைக்கோ காய்ந்த, புழுதி படிந்த பழைய காலம் வேண்டும். ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் அந்தப் பச்சையை எல்லாம் கம்ப்யூட்டரில் மஞ்சளாக்கினார். கதைக்காக, காரணத்தோடு செய்தது.

அதே 2000இல் 'டிராஃபிக்' படம் வந்தது. வாஷிங்டன் என்றால் நீலம், மெக்சிகோ என்றால் மஞ்சள் என்று பிரித்துக் காட்டியது. மூன்று ஊர்க் கதையைப் பின்னிச் சொல்லும்போது பார்ப்பவர் குழம்பாமல் இருக்க அது உதவியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் பிறகு அது ஒரு நோயாகப் பரவியது. ஏழை நாடு, வெயில் நாடு, ஆபத்தான நாடு என்றால் உடனே மஞ்சள்! 2020இல் வந்த 'எக்ஸ்ட்ராக்‌ஷன்' படத்தில் டாக்கா நகரமே மஞ்சள் காமாலை வந்தது போல இருந்தது. வங்காளதேசம் எவ்வளவு பச்சையான நாடு! பார்த்தவர்கள் கேள்வி கேட்டார்கள், கேட்டது நியாயமே.

இதில் நமக்கென்ன என்கிறீர்களா? இருக்கிறது. அந்தப் படங்களின் சாயலைத்தான் 'சினிமா லுக்' என்று பெயர் போட்டு ரெடிமேடாக விற்கிறார்கள், இலவசமாகவும் தருகிறார்கள். ஒரு தட்டு தட்டினால் நிழலெல்லாம் நீலப்பச்சை, தோலெல்லாம் ஆரஞ்சு. அதை நாம் பாகூர் ஏரியின் மேல் போடுகிறோம். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தென்பெண்ணைத் தண்ணீர் வந்து நிறைகிற ஏரி அது. அந்தத் தண்ணீரை நம்பி விளைவதால்தான் பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்கிறோம். இளம் நாற்றின் பச்சை வேறு, கதிர் பிடித்த பயிரின் பச்சை வேறு, அறுப்புக்கு நிற்கிற வயலின் பொன் வேறு. விவசாயி வீட்டுப் பிள்ளை தூரத்திலிருந்து பார்த்தே 'இன்னும் பத்து நாள்ல அறுக்கலாம்' என்று சொல்லிவிடுவான். அந்த ரெடிமேட் சாயல் இத்தனையையும் ஒரே பாசி நிறமாக்கிவிடுகிறது. காலிஃபோர்னியாவா, கன்னியக்கோயிலா என்றே தெரியவில்லை!

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை. அடுத்தடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை பெருக்கெடுத்தது. பாகூர் கொம்யூனின் ஆற்றங்கரை கிராமங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. அப்போது போனில் எடுத்த வீடியோக்களை நினைத்துப் பாருங்கள். எந்தக் கலர் வேலையும் இல்லை. முந்தின வாரம் பச்சையாக இருந்த வயலின் மேல் செம்மண் கரைத்த தண்ணீர். அவ்வளவுதான். பார்த்தவர் வயிறு பற்றி எரிந்தது. பிறகு அதே காட்சிகளுக்கு நீலச் சாயம் பூசி, சோக இசை சேர்த்துச் சிலர் போட்டார்கள். தண்ணீர் ஆற்றுத் தண்ணீர் போலவே இல்லை, கடல் போல இருந்தது! வெள்ளத்தின் கொடுமையே அந்தச் சேற்று நிறத்தில்தானே இருக்கிறது? அதைத் துடைத்துவிட்டுச் சோகத்தைச் சேர்ப்பது என்ன புத்திசாலித்தனம்?

ஆயா கேட்ட கேள்வி

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். முகம்!

எங்கள் ஊரில் ஒரு கல்யாண வீடு. ஆல்பமும் வீடியோவும் வந்து, கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தார்கள். மணப்பெண் மேடை ஏறும் காட்சி. முகம் மாவு பூசினாற்போல வெளுப்பு. கழுத்தும் கையும் வேறு நிறம். பெண்ணின் ஆயா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னாடா தம்பி இது... இது யாரு பொண்ணு? நம்ம பொண்ணு எப்ப வரும்?" எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நண்பர்களே, வண்ணம் பார்ப்பவரின் உணர்ச்சியை எப்படிப் பாதிக்கிறது என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா? அந்த வீடியோ அவளிடம் சொன்னது என்ன? 'உன் வாழ்க்கையின் பெரிய நாளில், நீ இருக்கிற நிறத்தில் இருக்க உனக்குத் தகுதி இல்லை' என்பதுதானே!

இது ஏதோ நம் ஊர் எடிட்டர் கண்டுபிடித்த அநியாயம் அல்ல. இதற்குப் பெரிய வரலாறு உண்டு. 1950களிலிருந்து கோடாக் கம்பெனி, கலர் பிரிண்ட் சரிபார்க்க லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். 'ஷெர்லி கார்டு' என்று பெயர். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி! கறுப்பு முகங்கள் கண்ணும் பல்லும் மட்டும் தெரிகிற இருட்டாக வந்தன. பின்னாளில் பிலிமைத் திருத்தக் காரணமாக இருந்தவர்கள் யார் தெரியுமா? சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மர சாமான் கம்பெனிக்காரர்களும்! தங்கள் சாமானின் பழுப்பு நிறம் விளம்பரத்தில் சரியாக வரவில்லை என்று அவர்கள் புகார் செய்தார்களாம். கோடாக்கில் வேலை பார்த்தவர்களே பின்னால் சொன்ன விஷயம் இது. மனிதன் முகத்துக்குக் கிடைக்காத மரியாதை மேசை நாற்காலிக்குக் கிடைத்தது! பல இனப் பெண்கள் சேர்ந்து நிற்கும் மாதிரி அட்டை 1990களில்தான் வந்தது. போன் காமிராவில் கறுப்புத் தோல் சரியாக வர வேண்டும் என்று கூகுள் தனியாக வேலை செய்து 'ரியல் டோன்' என்று அறிவித்தது 2021இல். நம் நாட்டில் 'ஃபேர் அண்ட் லவ்லி' தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்தது 2020இல். பெயர் போனது. ஆசை போனதா?

நம் துறைக்காரர்களுக்கு ஒரு ருசிகரமான தகவல். வெக்டர்ஸ்கோப் என்ற கருவி நிறங்களை வட்டத்தில் காட்டும். அதில் மனிதத் தோலுக்கு என்று ஒரு கோடு உண்டு. வெள்ளைத் தோலோ, மாநிறமோ, கன்னங்கரேலென்ற தோலோ, சரியாகப் படம் பிடித்தால் ஏறக்குறைய அந்த ஒரே கோட்டை ஒட்டித்தான் விழும். ஏனென்றால் எல்லாத் தோலுக்கும் அடியில் ஓடுவது ஒரே ரத்தம், மேலே இருப்பது ஒரே மெலனின். கூடக் குறைய இருப்பது அளவு மட்டும்தான். மேடையில் எத்தனையோ பேர் பேசும் சமத்துவத்தை இந்தக் கருவி ஒரு கோட்டில் காட்டிவிடுகிறது!

"கஸ்டமர் கேக்கறாரே!"

ஸ்டுடியோவில் வேலை பார்க்கும் நண்பர்கள் உடனே கேட்பார்கள்: "நீ ஈசியா எழுதிட்ட. வெள்ளையாக்கலன்னா பார்ட்டி பணம் தர மாட்டாங்க. எங்க பொழப்பு?" நியாயமான கேள்வி. பசியோடு விளையாட முடியாது.

ஆனால் கஸ்டமர் நிஜமாகக் கேட்பது என்ன என்று கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் "பளிச்சுனு இருக்கணும் தம்பி" என்பார்கள். பளிச் என்பது வேறு, வெளுப்பு என்பது வேறு. விளக்கிய குத்துவிளக்கு பளிச்சென்று இருக்கிறது, வெள்ளையாகவா இருக்கிறது? கறுப்பு கிரானைட் பளிச்சென்று இல்லையா? பளிச் என்பது வெளிச்சத்தின் வேலை. வெளுப்பு என்பது வெளிச்சம் போடத் தெரியாதவன் பின்னால் செய்யும் சமாளிப்பு.

கல்யாண மேடையில் நடப்பது இதுதான். மாப்பிள்ளைக்கு வெள்ளை வேட்டி சட்டை. பின்னால் பளபளக்கும் அலங்காரம். காமிராவின் தானியங்கி அளவு அந்த வெள்ளையைப் பார்த்து ஒளியைக் குறைத்துவிடும். முகங்கள் இருண்டு போகும். எடிட்டிங்கில் மொத்தமாக ஏற்றினால் சாம்பல் பூத்த முகம், அதன் மேல் ஒரு 'பியூட்டி' வடிகட்டி. முடிந்தது கதை! மாறாக, முகத்தை வைத்து ஒளியை அளந்து, பக்கவாட்டில் ஒரு மெதுவான விளக்கை வைத்தால் மாநிறத் தோலில் ஒரு மினுமினுப்பு வருமே, அதற்கு ஈடு உண்டா? பி.சி. ஸ்ரீராம் 'நாயகன்' (1987) படத்தில் பழுப்பும் நிழலுமாக முகங்களை விட்டாரே, தேசிய விருது தேடி வந்ததே! யாராவது 'இருட்டா இருக்கு' என்று பணத்தைத் திருப்பிக் கேட்டார்களா?

அதற்குப் பிறகும் 'வெள்ளையாத்தான் வேணும்' என்றால்? இரண்டு நிமிடம் இரண்டு விதமாகச் செய்து காட்டுங்கள் என்பேன். வீட்டிலிருந்து ஆயாவையும் அழைத்து வைத்துக் காட்டுங்கள்! பத்தில் ஆறு பேர் மாறினாலும் லாபம்தானே.

நாம் செய்யக்கூடியவை

நான் ஒளிப்பதிவு மேதை அல்ல. ஆனாலும் செலவில்லாமல் நாளையே தொடங்கக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, படம் எடுக்கும் முன் எழுதி வையுங்கள்: இந்தக் காட்சியில் பார்ப்பவருக்கு என்ன தோன்ற வேண்டும், அதற்கு முந்தைய காட்சியில் என்ன தோன்றியது? மாற்றம் எங்கே என்று தெரிந்தால் நிறம் தானாக வரும்.

இரண்டாவது, நிறத்தைக் கம்ப்யூட்டரில் தேடும் முன் துணியில், சுவரில், வெளிச்சத்தில் தேடுங்கள். கதாநாயகியின் துப்பட்டாவை மாற்றினால் தீரும் விஷயத்துக்கு ஏன் ஐந்து மணி நேர எடிட்டிங்?

மூன்றாவது, காமிராவின் ஒயிட் பேலன்ஸையும் ஒளி அளவையும் ஆட்டோவிலிருந்து எடுங்கள். பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு ஆட்டோவில் விடுவது, டிரைவிங் படித்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போவது போல!

நான்காவது, முதலில் தோலைச் சரி செய்யுங்கள், பிறகு மற்றதை. டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது; வெக்டர்ஸ்கோப் அதற்குள்ளேயே இருக்கிறது. கருவி இல்லை என்ற சாக்கு இனி செல்லாது.

ஐந்தாவது, முடித்ததும் ஒரு முறை ஊர்க்காரர் ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். "இது எந்த ஊரு?" என்று கேளுங்கள். சரியாகச் சொன்னால் பாஸ்!

அடுத்த ஆண்டு நம் கல்லூரி விழா வீடியோவை எடுக்கப்போகும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். மேடையில் பரிசு வாங்கும் ஒவ்வொருவரும் அவரவர் நிறத்தில் இருக்கட்டும். வயலில் உழைத்த கையால் கட்டணம் கட்டிய அப்பா, அந்த வீடியோவில் தன் பிள்ளையைத் தேடிக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படக் கூடாது.

ரெசிஸ்டரில் கறுப்புக்கு மதிப்பு பூஜ்யம் என்று படித்தோம். அது ரெசிஸ்டருக்கு மட்டும்தான், நண்பர்களே! கறுப்பு மண்ணும் கறுத்த முகமும் உள்ள நம் திரையில் கறுப்பின் மதிப்பை நாம்தான் எழுத வேண்டும்.

சிந்திப்போம்! நம் நிறத்தில் படைப்போம்!
வாழ்க மாணவர் ஒற்றுமை!